வலிப்பு மருந்தும் வன்னிக் குழந்தைகளும்

பிள்ளைக்கு இழுப்பு வந்ததும் அதன் கையில் இரும்புத் திறப்பைத் திணிப்பது நம்மிடையே இன்னும் மறையாத வழக்கம். அதனைக் கண்டு நகைப்பது எளிது. மருந்து எட்டாத இடத்தில் மனிதன் கைக்கு எட்டியதைப் பற்றிக்கொள்கிறான் என்பதை உணர்ந்தாலன்றி இந்நோயின் வரலாறு நமக்கு விளங்காது.

வலிப்பு தெய்வக் குற்றமன்று, மூளையில் எழும் நோயே என்று கி.மு. 400 அளவிலேயே கிரேக்க மருத்துவர் கூறினர். எனினும் பயன்தரும் மருந்துக்கு உலகம் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தது. 1857இல் லண்டனில் சார்ள்ஸ் லொக்கொக் புரோமைட்டின் பயனை எடுத்துரைத்தார். 1912இல் ஜெர்மனியில் அல்பிரெட் ஹவுப்ற்மன், பினோபார்பிற்றோன் வலிப்பைத் தடுப்பதைக் கண்டறிந்தார். யூதரான அவரை 1938இல் நாஜிகள் டாக்கௌ முகாமில் அடைத்தனர். விடுபட்ட பின் அமெரிக்கா சென்று, 1948இல் அங்கேயே மறைந்தார். அவர் கண்ட மலிவான மருந்தோ, வலிப்புற்ற பச்சிளங் குழந்தைகளுக்கு இன்றும் முதலில் கொடுக்கப்படுவதாக நிலைத்திருக்கிறது.

இம்மருந்துக்கு ஒரு நியதி உண்டு. குழந்தையின் நிறைக்கேற்ப அளந்து, நாள் தவறாது கொடுத்தல் வேண்டும். பிள்ளை வளர வளர அளவை மாற்றுதல் வேண்டும். திடீரென நிறுத்தினால் வலிப்பு முன்னினும் கடுமையாய்த் திரும்பக்கூடும். ஆகவே, மருந்து வந்து சேரும் வீதியும் இங்கே சிகிச்சையின் ஒரு பகுதியாகும்.

இலாபத்துக்காகவன்றி மக்கள் தேவைக்காகவே மருந்து என்று வாதாடிய பேராசிரியர் சேனக பிபிலேயின் முயற்சியால், 1971இல் இலங்கையில் அரச மருந்துக் கூட்டுத்தாபனம் தோன்றிற்று. ஆனால் 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையின் கீழ், 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தம் வரை, மருந்தும் அனுமதி பெற்றே வவுனியாவைத் தாண்ட வேண்டியதாயிற்று. 2008 செப்ரெம்பரில் உதவி நிறுவனங்கள் கிளிநொச்சியை விட்டகன்றன. 2009இல் புதுக்குடியிருப்பு வைத்தியசாலை மீதே எறிகணைகள் வீழ்ந்தன. புதுமாத்தளனில் ஒரு பாடசாலை வைத்தியசாலையாயிற்று. காயமுற்றோர் கப்பலில் ஏற்றப்பட்டபோது அவர்தம் தொகை குறிக்கப்பட்டது. போரிட்ட இரு தரப்புக்குமிடையே, வேளை மருந்து நின்றதனால் தாய்மடியில் துடித்த குழந்தைகளை எவர் எண்ணினர்?

ஆசிரியராகிய நமக்கு இதில் இரு கடமைகள் உண்டு. வகுப்பில் வலிப்புற்ற பிள்ளையின் கையில் இரும்பை வைக்காது, ஒருக்களித்துக் கிடத்தி, வைத்தியரிடம் சேர்ப்பிப்பது ஒன்று. வீதி மூடப்பட்ட நாளை எழுதும்போது, அந்நாளில் மருந்து தவறிய பிள்ளையையும் வரலாற்றில் எழுதுவது மற்றொன்று.