முப்பது கட்டிலில் தொடங்கிய மருத்துவமனை



தோட்டத்தில் ஒருவர் தனியே சிரித்தாலும், ஓயாமல் தனக்குள் பேசினாலும், "இவரைத் தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் அனுப்ப வேண்டும்" என்று வேடிக்கை பேசுகிறோம். பேராக்கில் 1911-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட மனநோய் மருத்துவமனை இருக்கும் ஊர் அது. சிங்கப்பூரில் இதே ஏளனத்திற்கு "உட்பிரிட்ஜ்" என்பார்கள். அந்த மருத்துவமனையின் கதையை இன்று பார்ப்போம். அங்கே தொண்டர்கள் ஏன் தேவைப்படுகிறார்கள் என்பது அதிலிருந்தே விளங்கும்.

தொடக்க காலத்தில் சிங்கப்பூரில் மனம் பேதலித்தவர்களைச் சிறையில் அடைத்து வைத்தார்கள். குற்றம் எதுவும் செய்யாதவர்களுக்குக்கூட அதே கதிதான்! 1840-இல் அப்படி அடைபட்டிருந்த ஒருவர் மற்றொருவரைக் கொன்றுவிட்டார். அதன் பிறகுதான் அரசாங்கம் விழித்துக்கொண்டது. மறு ஆண்டு, பிராஸ் பாசா சாலைப் பக்கத்தில் முப்பது கட்டில்களோடு தனி மருத்துவமனை ஒன்று எழுந்தது.

1862-இல் அது கண்டாங் கெர்பாவ் பகுதிக்கு மாறியது. எருமைப் பட்டி என்று பொருள்படும் அந்த இடம், நம்மவர் மாடு வைத்துப் பிழைத்த சிராங்கூன் சாலையை ஒட்டியது. இன்றைய லிட்டில் இந்தியா வட்டாரம். 1887-இல் சிப்பாய் லைன்சில் 300 கட்டில்களோடு புதிய கட்டடம் வந்தது. அதுவும் போதவில்லை. 1928-இல் நகரத்தை விட்டு வெகுதூரம் தள்ளி, இயோ சூ காங் சாலையில் பெரிய மருத்துவமனை கட்டினார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அக்காலத்தில் பிழைப்புத் தேடிக் கப்பலேறி வந்தவர்களில் பெரும்பாலோர் தனி ஆண்கள். தாயும் மனைவியும் தமிழ்நாட்டிலோ சீனத்திலோ இருந்தார்கள். புத்தி தடுமாறியவனை வந்து பார்க்க இங்கே யார் இருந்தார்கள்? நோயைத் தணிக்கும் மருந்தும் அப்போது இல்லை. குளோர்புரோமசின் என்ற மருந்து பிரான்சில் பயன்பாட்டுக்கு வந்ததே 1952-இல்தான். ஆகவே உள்ளே போனவர்களில் பலருக்கு அதுவே வாழ்நாள் வீடாகிவிட்டது.

ஜப்பானியர் ஆட்சியில் அந்தக் கட்டடத்தை மியாக்கோ என்ற பெயரில் வேறு நோயாளிகளுக்குப் பயன்படுத்தினார்கள். போருக்குப் பின், 1951-இல், அருகிலிருந்த மரப்பாலத்தை வைத்து உட்பிரிட்ஜ் என்று பெயரிட்டார்கள். பழைய பெயரின் இழுக்குப் போகட்டும் என்பது எண்ணம். ஆனால் சில ஆண்டுகளிலேயே புதுப் பெயரும் வசைச்சொல்லாயிற்று! தஞ்சோங் ரம்புத்தான் மருத்துவமனைக்கும் பின்னாளில் மகிழ்ச்சி என்று பொருள்படும் 'பஹாகியா' என்ற பெயர் வைத்தார்கள். நம் வாயில் மட்டும் பழைய பேச்சு மாறவில்லை.

1968-இல் சிங்கப்பூர் மனநலச் சங்கம் தோன்றியது. மருத்துவமனை மதிலுக்கு வெளியேயும் மனநோயாளிகளுக்காக உழைக்க ஓர் அமைப்பு அப்போது கிடைத்தது. 1993-இல் மருத்துவமனை, மனநலக் கழகம் என்ற பெயரோடு ஹவ்காங் பக்கம் புவாங்கோக் கிரீனுக்கு வந்தது. ஊருக்கு ஒதுங்கிப் போன மருத்துவமனையை ஊரே தேடி வந்துவிட்டது எனலாம். ஹவ்காங்கும் தெம்பனிசும் இன்று அடுக்குமாடி வீடுகள் நிறைந்த நகரங்கள்.

அந்த வீடுகளில் இருப்பவர்களும் தொண்டராகப் போகலாம். மருந்து கொடுப்பதும் நோயை ஆராய்வதும் அவர்கள் வேலை இல்லை. அதற்கு டாக்டரும் தாதியரும் இருக்கிறார்கள். தொண்டர் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுக்கிறார், சேர்ந்து விளையாடுகிறார், பாடுகிறார். சொந்தக்காரர் செய்வது எதுவோ அதுதான்.

வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி 1957-இல் மனநல மையம் தொடங்கியபோது, நோயாளியோடு வீட்டார் ஒருவரும் வந்து தங்கும் முறையைக் கைக்கொண்டது. வீட்டார் இருந்தால் அவ்வாறு செய்யலாம். இல்லாதவருக்குத் தொண்டர்தான் வீட்டார்.

இதில் ஒரு கண்டிப்பு உண்டு. வருவதாகச் சொன்ன நாளில் வர வேண்டும். ஒரு தீபாவளிக்குப் பலகாரத் தட்டோடு வந்து படம் பிடித்துக்கொண்டு போவதை நாம் தொண்டில் சேர்ப்பதில்லை. காத்திருந்து ஏமாறுவது அவர்களுக்குப் பழகிப்போன ஒன்று. முதல் வாரம் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் பெரியவர், நான்காம் வாரமும் அதே ஆள் வந்து, "என்ன தாத்தா, சாப்பிட்டீங்களா?" என்று தமிழில் கேட்டால், மெல்லத் தம் ஊர்ப் பெயரைச் சொல்லத் தொடங்குவார்.