ரங்கூனில் விட்டுச் செல்லப்பட்ட தளபதி

ஆயக்குடியிலிருந்து திண்டுக்கல் செல்லும் சாலையில் கிழக்கே சிறிது தொலைவு போனால் விருப்பாச்சி வரும். 1772இல் காளையார்கோவில் போரில் கணவரை இழந்த வேலு நாச்சியாருக்கு அடைக்கலம் தந்தது இந்தப் பாளையம்தான். ஏறக்குறைய எட்டாண்டுகள் கழித்து அவர் சிவகங்கையை மீட்டார். புகலிடம் தந்த விருப்பாச்சி கோபால நாயக்கரோ பின்னாளில் ஆங்கிலேயரை எதிர்த்து, 1801இல் தூக்கிலிடப்பட்டார். வென்றவர்களின் பெயர்களை வரலாறு எளிதில் நினைவில் கொள்கிறது. தோல்வி உறுதியான பிறகும் தன் இடத்தில் நின்றவர்களை நாம்தான் தேடிச் சென்று பார்க்க வேண்டியிருக்கிறது. அப்படித் தேடிப் பார்க்க வேண்டிய தமிழர்களில் ஒருவர் ஏ.டி. லோகநாதன்.

ஆற்காடு துரைசாமி லோகநாதன் 1888இல் பிறந்தவர். சென்னையில் மருத்துவம் கற்று, இந்திய மருத்துவப் பணியில் அதிகாரியாகச் சேர்ந்தார். அந்தப் பணி அடிப்படையில் ராணுவப் பணி. அதிலிருந்த மருத்துவர்கள் சீருடையும் படைப் பதவியும் உடையவர்கள். முதல் உலகப் போரில் பேரரசுக்காகப் பணியாற்றிய அவர் லெப்டினன்ட் கர்னலாக உயர்ந்தார். ஓய்வை எதிர்நோக்கும் வயதில் இரண்டாம் உலகப் போர் அவரைச் சிங்கப்பூரில் கொண்டுபோய் நிறுத்தியது. அதுவரை அவருடைய வாழ்க்கை, அரசுப் பணியில் சிறந்த ஒரு மருத்துவரின் ஒழுங்கான வாழ்க்கைதான்.

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் சரணடைந்தது. இரண்டு நாள் கழித்து ஃபாரர் பார்க் மைதானத்தில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியப் போர்வீரர்கள் திரட்டப்பட்டனர். பிரிட்டிஷ் அதிகாரி ஒருவர் அவர்களை ஜப்பானிய மேஜர் ஃபுஜிவாராவிடம் ஒப்படைத்தார். அவர் அவர்களைக் கேப்டன் மோகன்சிங்கின் பொறுப்பில் விட்டார். தாம் ஆடுமாடுகளைப் போலக் கைமாற்றப்பட்டதாக அங்கிருந்த பலர் உணர்ந்தனர். மன்னருக்கு அவர்கள் அளித்த உறுதிமொழியை, உறுதிமொழி வாங்கியவர்களே கைவிட்டது போன்றதொரு கணம் அது. இந்திய தேசிய ராணுவம் பிறந்தது அந்தக் காயத்திலிருந்துதான்.

எனினும் முதல் முயற்சி நிலைக்கவில்லை. ஜப்பானியரின் நோக்கத்தை ஐயுற்ற மோகன்சிங் 1942 டிசம்பரில் கைதானார், படையும் குலைந்தது. அதை மீண்டும் உயிர்ப்பித்தவர் சுபாஷ் சந்திர போஸ். 1943 ஜூலை 2 அன்று அவர் சிங்கப்பூர் வந்து சேர்ந்தார். அக்டோபர் 21 அன்று சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசை அறிவித்தார். அந்த அமைச்சரவையில் ஆயுதப் படைகளின் சார்பில் இடம்பெற்றவர்களுள் லோகநாதனும் ஒருவர். சென்னையில் மருத்துவம் பயின்ற லட்சுமி சுவாமிநாதனும் அதே அவையில் இருந்தார். 1897இல் பிறந்த போஸைவிட லோகநாதன் ஒன்பது ஆண்டுகள் மூத்தவர். தன்னிலும் இளைய ஒருவரைத் தலைவராக ஏற்று, முப்பதாண்டுப் பணியின் பயன்கள் அனைத்தையும் ஐம்பத்தைந்தாம் வயதில் பணயம் வைத்தார். இளமையின் வேகம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது.

அவருக்கு வாய்த்த முதல் பெரும் பொறுப்பே கசப்பானது. 1942 மார்ச்சிலிருந்து அந்தமான் ஜப்பானியர் பிடியில் இருந்தது. 1943 நவம்பரில் டோக்கியோ மாநாட்டில், அந்தமான் நிக்கோபார் தீவுகள் தற்காலிக அரசிடம் ஒப்படைக்கப்படும் என ஜப்பானியப் பிரதமர் டோஜோ அறிவித்தார். டிசம்பர் 30 அன்று போஸ் போர்ட் பிளேயரில் மூவண்ணக் கொடியை ஏற்றினார். தீவுகளுக்கு ஷஹீத், சுவராஜ் என்று பெயரிட்டார். அவற்றின் தலைமை ஆணையராக 1944 பிப்ரவரியில் லோகநாதன் அங்கு சென்றார்.

கொடி ஏறியதே தவிர, ஆட்சி கைக்கு வரவில்லை. உளவாளிகள் என்ற குற்றச்சாட்டில் தீவுவாசிகளைச் சிறையிலிட்டு வதைத்துவந்தது ஜப்பானியப் படை. அங்கு இந்திய சுதந்திர லீகின் தலைவராக இருந்த மருத்துவர் திவான் சிங் 1944 ஜனவரியில் அந்தச் சித்திரவதையில் உயிர்விட்டார். அதே மாதம் 30ஆம் தேதி ஹம்ஃப்ரிகஞ்சில் நாற்பத்து நான்கு பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அடுத்த மாதம் வந்திறங்கிய லோகநாதன் காவல் துறையைத் தம்மிடம் தருமாறு கேட்டார். போர் முடியும்வரை முழு நிர்வாகத்தையும் தர இயலாது என்றனர் ஜப்பானியர். காவல் துறை இல்லாத ஆட்சிக்குப் பொருளில்லை என்று உணர்ந்த அவர், கல்வித் துறையை மட்டும் ஏற்றார். அந்த ஆண்டின் பிற்பகுதியில் தீவுகளிலிருந்து திரும்பினார்.

இங்கே வாசகர் ஒரு கேள்வி கேட்கலாம்: இத்தகையவர்களோடு கூட்டுச் சேர்ந்தது சரியா? சயாம்–பர்மா ரயில்பாதையில் மலாயாவின் தோட்டத் தமிழர்கள் பல்லாயிரக்கணக்கில் மாண்டதை அறிந்த நமக்கு, அக்கேள்வியைத் தவிர்க்க முடியாது. போஸின் அரசியல் கணக்கை எவ்வாறு மதிப்பிட்டாலும், அக்கணக்கின் விலையை அன்றாடம் அருகிருந்து கண்டவர் லோகநாதன். கண்ட பின்னும் அவர் விலகவில்லை. தன்னால் காக்க இயன்றதைக் காப்பது என்ற எல்லைக்குள் தன் கடமையைச் சுருக்கிக்கொண்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அந்தக் கடமையின் உரைகல் ரங்கூன். 1945 ஏப்ரலில் பர்மாவின் போர்முனை சரிந்தது. ஜப்பானியர் நகரைக் காலி செய்துகொண்டிருந்தனர். போஸ் வெளியேறத் தயங்கினார். உடனிருந்தோர் வற்புறுத்தியபின் ஏப்ரல் 24 இரவில் ராணி ஜான்சி படைப்பிரிவுப் பெண்களுடன் பாங்காக் நோக்கிப் புறப்பட்டார். ரங்கூனில் எஞ்சிய ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களை லோகநாதனின் பொறுப்பில் விட்டுச் சென்றார். சண்டையிடுவது அவர்களின் வேலை அன்று. பிரிட்டிஷ் படை வந்து சேரும்வரை நகரில் அமைதி காப்பதே வேலை.

அதன் அவசியத்தை உணர 1942ஐ நினைக்க வேண்டும். அன்று பிரிட்டிஷார் ரங்கூனைக் கைவிட்டபோது கொள்ளையும் தீவைப்பும் நடந்தன. லட்சக்கணக்கான இந்தியர் காட்டுவழியே அசாமுக்கு நடந்தனர். வழியில் இறந்தோர் பல்லாயிரவர். செட்டிநாட்டுக் கணக்கர்களும் துறைமுகக் கூலிகளும் கண்ட அந்த நாட்கள் திரும்பிவிடுமோ என்ற அச்சம் 1945இல் எஞ்சியிருந்த இந்தியரிடம் இருந்தது. ஒரு படை போய் மறு படை வராத அந்த இடைவெளியில், மே 3 அன்று பிரிட்டிஷ் இந்தியப் படை நகருக்குள் நுழையும்வரை, லோகநாதனின் வீரர்கள் காவல் நின்றனர். பெரிய கொள்ளை ஏதும் நிகழவில்லை. பிறகு அவர் ஆயுதங்களை ஒப்படைத்துச் சிறைக்குச் சென்றார். தப்பிப் போகும் தலைவருடன் செல்வதைவிட, சிறை உறுதி என்றறிந்து ஊரைக் காத்து நிற்பது கடினமான விசுவாசம்.

1945 நவம்பர் 5 அன்று செங்கோட்டையில் ஷா நவாஸ் கான், பிரேம் சேகல், குர்பக்ஷ் சிங் தில்லான் மூவர் மீதான விசாரணை தொடங்கியது. தற்காலிக அரசு முறையான ஓர் அரசு, அதன் படையினர் போர் உரிமை பெற்றவர்கள் என்பது புலாபாய் தேசாயின் வாதம். அந்த அரசுக்குச் சொந்த நிலம் இருந்தது என்று காட்ட அந்தமான் முக்கியமான சான்று. லோகநாதன் எதிர்த் தரப்புச் சாட்சியாக நின்றார். தீவுகள் முழுமையாகக் கைக்கு வந்தன என்று சொல்லியிருந்தால் தோழர்களின் வழக்கு வலுத்திருக்கும். ஒப்படைப்புச் சடங்கு நடந்ததையும், கல்வித் துறையை மட்டுமே தாம் ஏற்றதையும், காவல் துறை மறுக்கப்பட்டதையும் உள்ளவாறே சொன்னார். மூவருக்கும் விதிக்கப்பட்ட நாடு கடத்தல் தண்டனையை 1946 ஜனவரியில் தலைமைத் தளபதி ஆக்கின்லெக் ரத்து செய்தார். அந்த முடிவை எடுக்கவைத்தது நாடெங்கும் எழுந்த மக்கள் கொந்தளிப்பு.

நாடு விடுதலை பெற்றதைக் கண்டு 1949இல் லோகநாதன் மறைந்தார். நேதாஜியின் பெயரில் நம் ஊர்களில் சாலைகள் இருக்கின்றன, சிலைகள் இருக்கின்றன. அவர் விட்டுச் சென்ற நகரில் ஒரு வாரத்துக்கு மேல் கொள்ளை நடவாமல் பார்த்துக்கொண்ட தமிழ் மருத்துவரைப் பள்ளிப் பாடங்கள் அநேகமாகச் சொல்வதில்லை. நிகழாமல் தடுக்கப்பட்ட கேடுகளுக்கு வரலாற்றில் தேதியும் இல்லை, நினைவுச் சின்னமும் இல்லை. அன்று ரங்கூனில் கதவைச் சாத்திக்கொண்டு காத்திருந்து, விடிந்ததும் உயிரோடு கதவைத் திறந்த குடும்பங்களே அவருக்குச் சாட்சி.