தொண்டை நாட்டு அணங்குக் காதல்: படிப்போர் சுவை நோக்கிய ஓர் ஆய்வு

மானிடப் பெண்ணொருத்தி மானிடனல்லாத ஒருவனைக் காதலிப்பதும், மானிடன் ஒருவன் பேய்மகளையோ நாகமகளையோ விரும்பி மணப்பதும் பொருளாக எழுதப்பெறும் புதினங்கள் இக்காலத்தே ஆங்கிலத்திற் பெருகியுள்ளன. 'மான்ஸ்டர் ரொமான்ஸ்' என்னும் பெயரால் அவை வழங்குகின்றன. அவற்றுள் இரு கூறு உண்டு. ஒன்று இருள் மிக்கது. காதலன் அச்சுறுத்துவான், கொல்லவும் வல்லான், அவன் அருகில் நிற்றலே இடர். மற்றொன்று மனைவாழ்வின் இனிமை மிக்கது. கோரப்பல் உடையாள் ஒருத்தி காப்பிக்கடை வைத்து அயலாரோடு அமைதியாக வாழ்வாள். திராவிசு பால்டிரீ என்பார் 2022இல் வெளியிட்ட புதினம் இப்பின்னைய வகைக்குச் சான்று. இத்தகைய நூல்களை நம் மாணவ மாணவியரும் விரும்பிப் படிக்கின்றனர். நந்தனத்து ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரித் திடலில் 2024 திசம்பர் முதல் 2025 சனவரி வரை நிகழ்ந்த நாற்பத்தெட்டாம் சென்னைப் புத்தகக் காட்சியில், சங்கநூற் பதிப்புகளை வாங்கிய கையே இவற்றையும் வாங்கக் கண்டேன். இதனை இழிசுவை என ஒதுக்குவாரும், மேனாட்டிலிருந்து நேற்று வந்த நோய் என்பாரும் உளர். இவ்விரு கூற்றும் பொருந்துமா என்பதை, வேறெங்கும் செல்லாது நந்தனம் அடங்கிய தொண்டை நாட்டு மரபைக் கொண்டே ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண் சுவை பற்றிய இலக்கணத்தை நோக்குதல் வேண்டும். தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சத்திற்குக் கூறும் நிலைக்களன்கள் நான்கனுள் அணங்கே முதலாவது. விலங்கும் கள்வரும் இறையும் அதன் பின்னரே வருவன. இவ்வியலுக்கு உரை வகுத்த இளம்பூரணர், சுவையை விளக்கப் புகுந்த இடத்தில் எடுத்துக்கொண்ட காட்டு பேயும் புலியும் ஆகும். அவையிரண்டும் சுவைப்படு பொருள். அவற்றைக் கண்டான் உள்ளத்து நின்ற அச்சமே சுவை என்பது அவர் கருத்து. அச்சம் வெறுக்கத்தக்க உணர்வு என்று மட்டும் கருதியிருப்பின் அதனைச் சுவை எட்டனுள் ஒன்றாக வைத்திரார். பேய்க்கதை படித்து இன்புறுதல் அறிவுக்குறை என்பார் முதலில் இளம்பூரணரோடு வழக்காடுதல் வேண்டும்.

இனி, காதல் தோன்றும் இடத்தைப் பார்ப்போம். களவொழுக்கத்தில் தலைவன் தலைவியைக் கண்டவுடன் கொள்ளும் முதல் உணர்வு ஐயமே. இவள் மானிடமகளோ, அணங்கோ என அவன் மயங்குகின்றான். திருக்குறட் காமத்துப்பாலின் முதல் அதிகாரம் 'தகையணங்குறுத்தல்' எனப் பெயர் பெற்றதும் இதுபற்றியே. அவ்வையத்தை நீக்கும் கருவிகளைத் தொல்காப்பியர் களவியலில் தொகுத்துரைக்கின்றார். வண்டு மொய்த்தல், அணிகலன், கண்ணின் அலமரல், இமைத்தல் ஆகியவற்றோடு அச்சமும் அவற்றுள் ஒன்று. அஃதாவது, அவள் அஞ்சினாள். ஆகவே அவள் மானிடமகள். எனவே தமிழ்க் காதல் அணங்கின் வாயிலைத் திறந்து பார்த்து, உடனே அடைத்துவிட்டு மனைக்குத் திரும்புகின்றது எனலாம். அவ்வாயில் அடைபடாமல் நின்றால் யாது நிகழும் என்பதே இன்றைய புதினங்களின் வினா. அஞ்சவேண்டியவள் அஞ்சாவிடின்? அல்லது அஞ்சியும் அகலாவிடின்?

இவ்வினாவைத் தொண்டை நாடு தன் பெயரிலேயே தாங்கி நிற்கின்றது. பெரும்பாணாற்றுப்படைத் தலைவனாகிய தொண்டைமான் இளந்திரையன் பிறப்பைக் கூறுமிடத்து, நாகபட்டினத்துச் சோழன் ஒருவன் பிலத்தின் வழியே நாகருலகம் சென்று நாககன்னியைக் கூடினான் என்றும், பிறந்த மகனுக்குத் தொண்டைக் கொடியை அடையாளமாகக் கட்டிக் கடலில் விட, திரை கொணர்ந்து சேர்த்தது என்றும் நச்சினார்க்கினியர் உரைக்கின்றார். மணிமேகலை இதனினும் விரிவாகப் பேசும். நெடுமுடிக்கிள்ளி கடற்கரைச் சோலையில் பீலிவளை என்னும் நாகநாட்டு அரசன் மகளைக் கண்டான். ஒரு திங்கள் உடனிருந்தான். அவள் சொல்லாது நீங்கினாள். பின்னர் அவள் ஈன்ற மகனை ஏற்றிவந்த கம்பளச் செட்டியின் மரக்கலம் உடைந்தது. மகனைத் தேடித் திரிந்த மன்னன் இந்திரவிழாவை மறந்தான். புகார் கடல்கோட்பட்டது. ஒரு திங்கட் காதலுக்கு ஒரு நகரமே விலையாயிற்று! இதனினும் இருள் மிக்க காதற்கதையை எந்நாட்டுப் புதினமும் தர வல்லதன்று.

நாகர் என்பார் ஓர் இனத்தாரே, பாம்பல்லர் என வரலாற்றாசிரியர் பலர் கூறுவர். அஃது உண்மையாகவும் இருக்கலாம். ஆயினும் கதையைச் சொன்னாரும் கேட்டாரும் எதனை விரும்பினர் என்பதே நம் ஆராய்ச்சி. கி.பி. 9ஆம் நூற்றாண்டில் மூன்றாம் நந்திவர்மன் காலத்து எழுந்த வேலூர்ப்பாளையச் செப்பேடு, பல்லவ முன்னோனாகிய வீரகூர்ச்சன் நாகர்கோன் மகளின் கைப்பற்றிய ஞான்றே அரசுரிமைச் சின்னங்களையும் பெற்றான் என்கின்றது. அரசர்கள் வெட்கப்படாமல் செப்பேட்டிற் பொறித்துக்கொண்ட செய்தியைப் படிக்க நம் மாணவர் வெட்கப்பட வேண்டுவதில்லை.

அரசர் குடியில் பெருமையாகப் போற்றப்பட்ட இக்காதல் ஊரார் இடையே வேறு முகம் கொள்கின்றது. திருவாலங்காட்டை அடுத்துள்ளது பழையனூர். கணவனாற் கொல்லப்பட்ட ஒருத்தி பேயாகி, மறுபிறப்பெடுத்த அவனைத் தொடர்ந்து, கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, அவன் மனைவி போலவே வந்து ஊரவையில் முறையிட்டாள். 'இவள் என் மனைவியல்லள், பேய்' என்று அவன் கதறியும் வேளாளர் எழுபதின்மர் நம்பாது, அவனுயிர்க்குத் தம் உயிரைப் பிணையாக்கி இருவரையும் ஓரிடத்தில் தங்கச் செய்தனர். விடிந்தபோது அவன் பிணமாகக் கிடந்தான். எழுபதின்மரும் சொற்பிழையாது தீப்புகுந்தனர். 7ஆம் நூற்றாண்டினராகிய திருஞானசம்பந்தர் தம் திருவாலங்காட்டுப் பதிகத்தே இதனைக் குறித்தலின் கதை அதனினும் பழையது என்பது தேற்றம்.

இக்கதை காலந்தோறும் எழுபதின்மரின் வாய்மைக்குச் சான்றாகவே எடுத்தாளப்பட்டு வந்தது. கொலையுண்ட பெண்ணை நினைந்து இரங்கினார் சிலரே. 'நீலிக்கண்ணீர்' என்றால் பொய்க்கண்ணீர் என இன்றும் பொருள் கொள்கின்றோம். அவள் ஏந்திய குழந்தை பொய். அவள் கோலம் பொய். ஆனால் அவள் கொலையுண்டது பொய்யன்றே? மொழியே ஒரு பக்கம் சார்ந்து தீர்ப்பளித்துவிட்டது. பேய்மகளை மையமாக வைத்து எழுதும் புதினங்களைப் பெண்கள் மிகுதியாகப் படிப்பதற்கு ஒரு காரணம் இங்கே கிடைக்கின்றது என்பது என் கருத்து. அப்புதினங்களில் பேய்க்கும் தன் வழக்கை எடுத்துரைக்க ஓர் இடம் உண்டு.

நீலிக்கு அத்தகைய இடத்தை முதலில் அளித்தவர் சமணரே. நீலகேசி என்னும் தருக்க நூலில், பலியைத் தடுத்த முனிச்சந்திரர் மேல் இப்பழையனூர் நீலியே ஏவப்படுகின்றாள். முதலில் அச்சுறுத்தினாள், அவர் அசையவில்லை. பின் அழகிய மகளாக வந்து மயக்கினாள், அதற்கும் அசையவில்லை. அச்சமும் காமமும் ஒருத்தியின் இரு கைகளாகவே அங்கு வருகின்றன. முடிவில் அவள் அறங்கேட்டு மாணவியாகி, குண்டலகேசி முதலியோரை வாதில் வெல்கின்றாள். 1936இல் அ. சக்கரவர்த்தி நயினார் இதனை உரையுடன் பதிப்பித்தார். அதன்பின்னும் நம் துறைகளில் இஃது ஒரு சமயவாத நூலாகவே பயிலப்படுகின்றது. பேயை அறிவுடையாளாக ஆக்கிய கதைத்துணிவை யாரும் பெரிதாகப் பேசக் காணோம்.

நீலியின் பழையனூருக்கு அணித்தே உள்ள ஆலங்காட்டில்தான் மற்றொரு பேய்மகளும் வீற்றிருக்கின்றார். காரைக்கால் அம்மையாரின் கணவன் பரமதத்தன், மாங்கனி வந்த விதம் கண்டு மனைவியை மானிடமல்லள் எனத் தெளிந்தான். உடனே அஞ்சிப் பிரிந்தான். வேறு மணம் செய்தான். பிறந்த மகளுக்கு அவர் பெயரிட்டான். தேடி வந்த அம்மையாரின் அடியில் வீழ்ந்து வணங்கினான். அம்மையார் அழகுடலை உதறிப் பேயுருவம் வேண்டிப் பெற்றார். சேக்கிழார் பாடும் இவ்வரலாற்றைப் பத்திநெறி பற்றி மட்டுமே ஆராய்வது வழக்கம். பிறவற்றையும் நோக்குக. மனைவி அணங்கெனத் தெரிந்தவுடன் காதல் வணக்கமாக மாறிவிடுகின்றது. வணங்கலாம், வாழ இயலாது என்பது பரமதத்தன் முடிவு. வாழவும் இயலும் என்பதே மேற்கூறிய புதினங்களின் துணிபு.

அங்ஙனம் வாழ்தலுக்குரிய மனையினிமை நம்மிடம் இல்லை என்று கருதற்க. கலிங்கத்துப் பரணியை எடுத்துக்கொள்வோம். காதலரின் ஊடலைக் கூறிக் கதவு திறக்க மகளிரை அழைக்கும் கடைதிறப்பில் நூல் தொடங்குகின்றது. அதனை அடுத்துப் பாலை நிலமும் காளி கோயிலும் பேய்களும் வருகின்றன. காதல் நூலும் பேய்நூலும் ஒரே ஏட்டில் அடங்கியமை தற்செயலன்று. அப்பேய்கள் போர்க்களத்திற் கூழ் அடும் பகுதியை யான் வகுப்பிற் பாடஞ்சொல்லும்போதெல்லாம் மாணவர் சிரிப்பர். அவர்கள் சிரிக்கும்படியே செயங்கொண்டார் பாடியுள்ளார். பசி பசி என முறையிடுவன, அடுப்புக் கூட்டுவன, உப்பிடுவன, பதம் பார்ப்பன, பார்ப்பனப் பேய், சமணப் பேய், புத்தப் பேய், குருட்டுப் பேய், ஊமைப் பேய் என ஒவ்வொன்றற்கும் தக்கவாறு கூழ் வார்ப்பன என ஒரு பெருங்குடும்பத்துச் சமையலறையே அங்கு விரிகின்றது. பானையில் உள்ளது குருதியும் நிணமும். பந்தியின் ஒழுங்கோ நம் வீட்டு ஒழுங்கு. கொடுமையையும் குடும்ப இனிமையையும் ஒரே அகப்பையால் முகந்து தரும் இத்திறனை மேனாட்டார் அண்மையிற் கண்டுபிடித்ததாக எண்ணி மகிழ்கின்றனர். கூழ் வார்த்த பேய்களுக்கு வயது தொள்ளாயிரம் ஆகின்றது.

பாரதத்து இடிம்பியை இவ்விடத்தே சுருங்கக் கூறலாம். அரக்கி வீமனை விரும்பினாள், குந்தி இசைந்தாள், கடோற்கசன் பிறந்தான். 1957இல் வந்த 'மாயா பசார்' படத்தில் கடோற்கசன் வீட்டுப்பிள்ளையாகவே தோன்றுகின்றான். கம்பனது சூர்ப்பணகையோ இவ்வகையிற் சேர்தற்குரியள் அல்லள். வான்மீகத்தில் தன்னுருவோடு வந்தவளைக் கம்பர் அழகுருக் கொள்ளச் செய்து, காமவல்லி எனப் பெயர் கூறவும் வைத்து, நடைக்கும் சொல்லுக்கும் தம் கவித்திறம் முழுவதும் வழங்கினார். ஆயினும் அவள் காதலுக்கு மறுமொழி மூக்கறுபடுதலே. விரும்பும் அரக்கி உண்டு, விரும்பப்பட்ட அரக்கி இல்லை. ஒரு கை ஓசையைக் காதற்கதை என்று கொள்ளலாகாது. கம்பனிலும் இவ்வகை உண்டு என்று ஆய்வேடுகளில் எளிதாக எழுதிவிடும் வழக்கத்தை முதுகலை மாணவர் விடுதல் நன்று.

இனி, இவ்வகை நூல்களைப் பற்றி அறிஞர் கொள்ளும் உண்மையான அச்சம் ஒன்றுண்டு. அஃது இழிசுவை பற்றியதன்று. இருள்வகைப் புதினங்கள் சிலவற்றில் வன்முறையே காதலாகப் போற்றப்படுகின்றது. பெண்ணின் இசைவு கேட்கப்படுவதில்லை. இக்குற்றச்சாட்டு வலியுடையதே. ஆனால் அதனைப் புதிய நூல்கள் மேல் மட்டும் சுமத்துதல் நேர்மையன்று. பெரிய எழுத்துப் பதிப்புகளாய்ச் சென்ற நூற்றாண்டில் சிற்றூர்தோறும் விற்ற அல்லி அரசாணி மாலையை நினைக. ஆணை வெறுத்து ஆண்ட அல்லியை அடைய விரும்பிய அருச்சுனன், கண்ணன் துணையாற் பாம்புருக்கொண்டு அவள் பள்ளியறை புகுந்தான். பாம்பினிடத்து அவள் அன்பு கொண்டாள். உறங்குங்கால் அவன் தன்னுருக்கொண்டு தாலி கட்டினான். பாம்பை விரும்பியவள் அவள். கணவனை விரும்பினாள் அல்லள். இதனைத் திண்ணைகளில் பாடக்கேட்டு மகிழ்ந்த தலைமுறையினர், பேத்தி படிக்கும் புதினத்தைக் கண்டு முகஞ்சுளிப்பது விந்தையே. அவர்களும் தீமையை விரும்பி அக்கதையைக் கேட்டிலர். வாழ்வில் நேரின் அஞ்சி ஓடவேண்டிய ஒன்றை, ஏடு மூடினால் நின்றுவிடும் என்னும் உறுதியோடு அணுகிப் பார்த்தனர். இளம்பூரணர் பேயைச் சுவைப்படு பொருள் என்றாரேயன்றி வாழ்க்கைத்துணை என்றாரல்லர்.

ஏ.கே. இராமானுசன் தொகுத்த கன்னட நாட்டுக் கதையொன்றில், கணவனாற் புறக்கணிக்கப்பட்டவளிடம் நாகம் கணவன் உருவில் இரவுதோறும் வருகின்றது. கிரீசு கர்னாடு அதனை 1988இல் 'நாகமண்டலம்' என்னும் நாடகமாக்கினார். கணவனிடம் கிடைக்காத பரிவைப் பாம்பிடம் பெறும் பெண்ணை அங்கு அவையோர் பழிக்கவில்லை. 1979இல் வந்த 'நீயா?' என்னும் தமிழ்ப்படத்தில் இணையை இழந்த நாகமகள் பழிவாங்குகின்றாள். அவள் துயரும் பார்ப்போர் உள்ளத்தைத் தொட்டதாலேயே அப்படம் நினைவில் நிற்கின்றது. நீலிக்குக் கிடைக்காத இரக்கம் ஆயிரம் ஆண்டு கழித்துத் திரையில் கிடைத்தது எனின் மிகையாகாது.

இத்துறையில் செய்யவேண்டிய பணிகளுள் ஒன்றை மட்டும் இங்குச் சுட்டுகின்றேன். குமரி மாவட்டத்து வில்லுப்பாட்டில் வழங்கும் கள்ளியங்காட்டு நீலி கதையில், அவள் தன்னை நாடிவந்த காதலனாலேயே நகைக்காகக் கொல்லப்படுகின்றாள். அவள் இறக்குங்கால் கள்ளியே சான்றாக நிற்கின்றது. அதனால்தான் மறுபிறப்பில் அக்கள்ளியே அவள் இடுப்பிற் குழந்தையாகின்றது. பழையனூர்க் கதையில் மாயமாக மட்டும் நின்ற கள்ளிக்கொம்பு அங்குச் சாட்சியாக மாறியிருக்கின்றது. வடபகுதி ஏடுகளையும் தென்பகுதிப் பாடல்களையும் ஒப்பிட்டு, நீலியின் வழக்கை அவள் வாய்மொழியாக உரைக்கும் இடங்களை மட்டும் தொகுத்துப் பதிப்பித்தல் முதுகலை மாணவர் ஒருவர் ஈராண்டில் செய்து முடிக்கத்தக்க பணியாகும்.