கரடுமுரடு நிலத்தில் காற்றில்லா டயர்கள்

காற்றில்லா டயர் என்பது உள்ளே அழுத்தக் காற்று எதுவும் இல்லாமல், தன் பொருளின் அல்லது அமைப்பின் வலுவாலேயே வண்டியின் எடையைத் தாங்கும் டயர் ஆகும். முழுக்க ரப்பரால் வார்க்கப்பட்ட திட டயர், எஃகுக் கம்பியால் பின்னப்பட்ட சக்கரம், வளையக்கூடிய ஆரக்கால்களைக் கொண்ட பாலியூரித்தேன் சக்கரம் ஆகிய மூன்றும் இவ்வகையில் அடங்கும். இவை பஞ்சர் ஆவதில்லை. காற்று நிரப்பவும் தேவையில்லை. எனவே முள்ளும் கூர்ங்கற்களும் நிறைந்த, சாலையில்லாத நிலத்தில் ஓடும் வாகனங்களுக்கு இவையே பொருத்தமானவை என்று முதற்பார்வையில் தோன்றும்.

இவற்றின் வரலாறு அவ்வளவு நேரானது அல்ல. மணலிலும் சேற்றிலும் வண்டியைப் புதையாமல் நகர்த்துவது டயருக்குள் இருக்கும் காற்றுதான். அந்தக் காற்றை வேண்டியபோது குறைக்கவும் கூட்டவும் முடியும் என்பதே அதன் பெரிய பலம். காற்றில்லா டயர் அந்த வசதியை விட்டுக்கொடுத்துத்தான் பஞ்சரிலிருந்து விடுதலை பெறுகிறது. அந்தப் பேரம் எங்கே இலாபமானது, எங்கே நட்டமானது என்பதே கடந்த 150 ஆண்டுகளாகத் தொடரும் கேள்வி.

ஒருவரே பெற்ற இரண்டு காப்புரிமைகள்

காற்று டயர், திட ரப்பர் டயர் ஆகிய இரண்டின் தொடக்க வரலாற்றிலும் ஒரே பெயர் வருகிறது. ஸ்காட்லாந்துப் பொறியாளர் ராபர்ட் வில்லியம் தாம்சன் 1845ஆம் ஆண்டு, தமது 23ஆம் வயதில், காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். ரப்பர் பூசிய துணிக் குழாயில் காற்றை அடைத்து, அதன்மேல் தோலுறை போர்த்திய அமைப்பு அது. 1847இல் லண்டன் ரீஜென்ட் பூங்காவில் குதிரை வண்டியில் பூட்டி அதை ஓட்டிக் காட்டினார். மிதிவண்டியும் மோட்டார் வண்டியும் பரவாத காலம் என்பதால் அது விரைவில் மறக்கப்பட்டது.

அதே தாம்சன் 1867இல் நீராவியால் இயங்கும் சாலை இழுவை வண்டிகளுக்காகத் தடித்த திட ரப்பர் டயருக்குக் காப்புரிமை பெற்றார். அதுவரை இத்தகைய கனமான வண்டிகள் இரும்புச் சக்கரங்களில் ஓடின; அவை கல் பாவிய வழியில் வழுக்கின, ஈரமண்ணில் புதைந்தன. ரப்பரோ தரையின் மேடுபள்ளத்துக்கு ஏற்ப ஓரளவு அமுங்கிப் பிடிப்பைத் தந்தது. தாம்சனின் வடிவமைப்பில் உருவான வண்டிகள் இந்தியாவுக்கும் வந்தன. 1870களின் தொடக்கத்தில் பஞ்சாபின் ராவல்பிண்டிப் பகுதியில் அரசுக்காக அவற்றை இயக்கும் பொறுப்பை ஆர். இ. பி. கிராம்ப்டன் என்ற இளம் ராணுவ அதிகாரி ஏற்றிருந்தார். பின்னாளில் மின்பொறியாளராகப் புகழ்பெற்றவர் இவர். மின்விசிறிகளிலும் மோட்டார்களிலும் இந்தியர்களுக்குப் பழகிய கிராம்ப்டன் என்ற பெயர் இவர் தொடங்கிய நிறுவனத்தின் வழி வந்தது.

1888இல் பெல்பாஸ்ட் நகரில் ஜான் பாய்ட் டன்லப் தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காகக் காற்று டயரை மீண்டும் உருவாக்கினார். 1895இல் பாரிஸ்–போர்தோ–பாரிஸ் பந்தயத்தில் மிச்செலின் சகோதரர்கள் காற்று டயர் பூட்டிய மோட்டார் காரை ஓட்டினர். இலகுவான வண்டிகளுக்குக் காற்று டயரே வழி என்பது அதன்பின் விரைவாக உறுதியானது.

திட டயரின் காலமும் முடிவும்

லாரிகளின் நிலை வேறு. முதல் உலகப் போரில் படைகளுக்குச் சரக்கு ஏற்றிய லாரிகளில் பெரும்பாலானவை திட ரப்பர் டயரில் ஓடின. அமெரிக்க ராணுவத்தின் 'லிபர்ட்டி' லாரியும் அப்படிப்பட்டதே. அதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 25 கி.மீ. மட்டுமே. கடல்வழி முற்றுகையால் ரப்பர் கிடைக்காத ஜெர்மனியில் இரும்புப் பட்டையும் வில்லும் வைத்த சக்கரங்களில் லாரிகள் ஓடின. அதிர்ச்சி முழுவதும் வண்டிக்கும் சாலைக்கும் போய்ச் சேர்ந்து இரண்டையும் கெடுத்தது.

திட டயரின் அடிப்படைக் குறை வெப்பம். ரப்பர் ஒவ்வொரு சுற்றிலும் அமுங்கி விரியும்போது செலவாகும் ஆற்றலில் ஒரு பகுதி வெப்பமாகிறது. தடித்த ரப்பரின் நடுவில் பிறக்கும் அந்த வெப்பம் எளிதில் வெளியேறாது. வேகம் கூடினால் உட்பகுதி இளகி, ரப்பர் துண்டு துண்டாகப் பெயரும். எனவே திட டயர் வேகத்துக்கு உதவாது. 1917இல் குட்இயர் நிறுவனம் காற்று டயர் பூட்டிய லாரியை ஆக்ரனிலிருந்து பாஸ்டனுக்கு ஓட்டி, கனரக வண்டிக்கும் காற்று டயர் தாங்கும் என்று காட்டியது. அடுத்த இருபது ஆண்டுகளில் திட டயர் நெடுஞ்சாலையிலிருந்து மறைந்தது.

ஆனால் அது அழிந்துவிடவில்லை. தொழிற்சாலைகளிலும் துறைமுகங்களிலும் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டிகள் இன்றும் திட டயரில் ஓடுகின்றன. அங்கே வேகம் குறைவு; ஆணியும் இரும்புத் துண்டும் தரையெங்கும் கிடக்கும். இத்தகைய டயர்களின் ஏற்றுமதியில் உலகின் முன்னணி நாடுகளுள் இலங்கையும் ஒன்று.

பாலைவனம் கற்பித்த பாடம்

சாலையில்லா நிலத்தில் காற்று டயரின் உண்மையான பயன் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் தெளிவானது. எகிப்தில் பணியாற்றிய பிரித்தானிய ராணுவப் பொறியாளர் ரால்ஃப் பேக்னால்ட் 1920களின் பிற்பகுதியிலிருந்து சாதாரண ஃபோர்டு கார்களில் லிபியப் பாலைவனத்துக்குள் நெடுந்தூரப் பயணங்களை மேற்கொண்டார். அதுவரை கடக்க முடியாது என்று கருதப்பட்ட மணல்மேடுகளை அவருடைய குழு கடந்தது. அவர்கள் கையாண்ட முறைகளுள் ஒன்று மிக எளிமையானது: மென்மணல் வந்ததும் டயரில் காற்றைக் குறைப்பது.

இதன் கணக்கு நேரடியானது. டயர் தரையைத் தொடும் பரப்பில் செலுத்தும் அழுத்தம், டயருக்குள் இருக்கும் காற்றழுத்தத்துக்கு ஏறத்தாழச் சமம். ஒரு சக்கரத்தின் மீது 900 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 400 கிலோ எடை இருப்பதாகக் கொள்வோம். காற்று சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டு இருந்தால் தொடும் பரப்பு சுமார் 30 சதுர அங்குலம். காற்றை 15 பவுண்டாகக் குறைத்தால் பரப்பு 60 சதுர அங்குலமாக விரிகிறது. டயரின் பக்கச்சுவருடைய விறைப்பால் இக்கணக்கு சற்று மாறும். ஆனால் எடை அதே, வண்டி அதே, மணலின் மீதான அழுத்தம் ஏறக்குறையப் பாதி. தண்ணீரும் எரிபொருளும் அளந்து கொண்டுபோகும் இடத்தில் வண்டி புதைவதற்கும் புதையாமல் போவதற்கும் இடையிலான வேறுபாடு உயிர் சார்ந்தது. 1940இல் பேக்னால்ட் உருவாக்கிய நெடுந்தூரப் பாலைவனப் படைப்பிரிவு இரு சக்கர உந்துதல் மட்டுமே கொண்ட ஷெவ்ரலே லாரிகளிலும் அப்பாலைவனத்தைக் கடந்தது.

இந்த அறிவு விரைவில் இயந்திரமாக மாறியது. 1942இல் அமெரிக்காவில் உருவான 'டக்' என்ற நீர்நில லாரியில், ஓட்டுநர் இருக்கையில் இருந்தபடியே டயரின் காற்றைக் கூட்டவும் குறைக்கவும் முடிந்தது. கடலிலிருந்து மணற்கரையில் ஏறும்போது காற்றைக் குறைத்து, சாலையை அடைந்ததும் கூட்டிக்கொள்ளலாம். போருக்குப் பின் சோவியத் நாட்டின் ஜில்-157 போன்ற லாரிகளிலும் இவ்வசதி இடம்பெற்றது. பஞ்சரைத் தவிர்ப்பதற்காகக் காற்றைக் கைவிட வேண்டும் என்ற எண்ணத்துக்கு எதிர்த்திசையில் ராணுவப் பொறியியல் சென்றது.

நிலவில் ஓடிய சக்கரங்கள்

காற்றில்லாச் சக்கரம் தன் தகுதியைத் தெளிவாக நிலைநாட்டிய இடம் பூமியில் இல்லை. 1971 பிப்ரவரியில் அப்போலோ 14 வீரர்கள் நிலவில் இழுத்துச் சென்ற இரு சக்கரக் கைவண்டியில் நைட்ரஜன் அடைத்த ரப்பர் டயர்கள் இருந்தன. ஆனால் அதே ஆண்டு சூலையில் அப்போலோ 15 உடன் சென்ற நிலவூர்தியில் ரப்பரும் இல்லை, காற்றும் இல்லை. அதன் சக்கரங்கள் துத்தநாகம் பூசிய எஃகுக் கம்பிகளால் வலைபோலப் பின்னப்பட்டவை. சுமார் 82 செ.மீ. விட்டமும் 23 செ.மீ. அகலமும் கொண்ட அவற்றின் மேல், மண்ணைப் பிடிக்க 'வி' வடிவ டைட்டானியப் பட்டைகள் பொருத்தப்பட்டிருந்தன. பெரிய கல்லில் மோதினால் வலை அளவுக்கு மீறி நசுங்காதபடி உள்ளே ஒரு விறைப்பான வளையமும் இருந்தது.

அப்போலோ 15, 16, 17 ஆகிய மூன்று பயணங்களிலும் சேர்த்து இவ்வூர்திகள் ஏறத்தாழ 90 கி.மீ. ஓடின. பஞ்சர் ஒட்ட வழியில்லாத, கடுங்குளிரும் கடும்வெப்பமும் மாறிமாறி வரும் இடத்தில் இது பெரிய வெற்றியே. எனினும் இதை அப்படியே பூமிக்குக் கொண்டுவர முடியாது. 210 கிலோ ஊர்தியும் அதன் 490 கிலோ சுமையும் சேர்ந்தாலும், நிலவின் ஈர்ப்பு ஆறில் ஒரு பங்கு என்பதால், ஒவ்வொரு சக்கரமும் தாங்கியது பூமியில் சுமார் 30 கிலோவுக்குச் சமமான எடையே. வேகமும் பொதுவாக மணிக்கு 13 கி.மீ. அளவைத் தாண்டவில்லை.

எடை கூடினால் என்ன நேரும் என்பதைச் செவ்வாய் காட்டியது. 2012இல் தரையிறங்கிய கியூரியாசிட்டி ஊர்தியின் அலுமினியச் சக்கரங்களின் மெல்லிய தோல் 0.75 மி.மீ. தடிப்பு மட்டுமே கொண்டது. அடுத்த ஆண்டே கூர்மையான பாறைகள் அதைக் கிழித்திருப்பது தெரியவந்தது. அதன்பின் சென்ற பெர்சிவரன்ஸ் ஊர்திக்குச் சக்கரத் தோல் தடிப்பாக்கப்பட்டது. நசுங்கினாலும் பழைய வடிவத்துக்கே திரும்பும் நிக்கல்-டைட்டானியக் கலவைக் கம்பிகளால் பின்னிய டயரை நாசாவின் கிளென் ஆய்வு மையம் உருவாக்கியுள்ளது.

போர்க்களத்திலிருந்து பண்ணைக்கு

பூமியில் இம்முயற்சிக்குப் புதிய உந்துதல் தந்தவை 2000களின் போர்கள். பதுங்கித் தாக்கும் இடத்தில் டயர் வெடித்து நிற்கும் வண்டி, உள்ளிருப்போருக்கு மரணப் பொறி. ராணுவ வண்டிகளில் ரிம்மைச் சுற்றிக் கெட்டியான உள்வளையம் வைக்கும் வழக்கம் உண்டு. காற்று இறங்கிய பின்னும் சில பத்து கிலோமீட்டர் ஓடித் தப்பிக்க அது உதவும். அதைவிட மேலான தீர்வைத் தேடிய அமெரிக்க ராணுவத்தின் ஆதரவுடன், விஸ்கான்சினைச் சேர்ந்த ரெசிலியன்ட் டெக்னாலஜீஸ் நிறுவனம் ஹம்வீ வண்டிக்காகத் தேன்கூடு வடிவ டயரை உருவாக்கியது. அறுகோண அறைகளாலான அந்த அமைப்பில் சில அறைகள் சிதைந்தாலும் மற்றவை எடையைத் தாங்கும்.

2012இல் இந்நிறுவனத்தைப் போலாரிஸ் வாங்கியது. அடுத்த ஆண்டு இத்தகைய டயருடன் ஒரு நான்கு சக்கரக் காட்டு வண்டியை ஏறத்தாழ 15,000 டாலர் விலையில் விற்பனைக்கு அறிவித்தது. தண்டவாள ஆணி ஏறிய டயரிலும், துப்பாக்கிக் குண்டு துளைத்த டயரிலும் நூற்றுக்கணக்கான மைல்கள் ஓட்டிப் பார்த்ததாக அந்நிறுவனம் கூறியது. ஆயினும் அதன் வழக்கமான வண்டிகள் காற்று டயரிலேயே தொடர்ந்தன.

மிச்செலின் நிறுவனம் 2005இல் 'ட்வீல்' என்ற சக்கரத்தை அறிமுகப்படுத்தியது. இதில் நடுக்குடத்தையும் வெளி வளையத்தையும் மெல்லிய பாலியூரித்தேன் ஆரக்கால்கள் இணைக்கின்றன. மாட்டு வண்டிச் சக்கரத்தில் கீழே உள்ள ஆரக்கால்கள் எடையைத் தாங்கும். ட்வீலில் நேர்மாறு: கீழுள்ளவை மடங்கிக்கொடுக்க, மேலுள்ள ஆரக்கால்களில் வண்டி தொங்குகிறது. கார்களில் சோதித்தபோது மணிக்கு 80 கி.மீ. வேகத்துக்கு மேல் அதிர்வும் இரைச்சலும் மிகுந்தன. எனவே நிறுவனம் மெதுவாக ஓடும் வண்டிகளின் பக்கம் திரும்பியது. 2012 முதல் கட்டுமானத் தளங்களிலும் பண்ணைகளிலும் இயங்கும் சிறு மண்வாரி வண்டிகளுக்கு ட்வீல் விற்பனைக்கு வந்தது. 2014இல் தென் கரோலினாவில் இதற்கென ஒரு தொழிற்சாலை திறக்கப்பட்டது. உடைந்த கம்பியும் கண்ணாடியும் கிடக்கும் தளத்தில், ஒரு பஞ்சருக்கு அரைநாள் வேலை நின்றுபோகும் இடத்தில், கூடுதல் விலை விரைவில் ஈடாகிவிடும்.

நடைமுறைச் சிக்கல்கள்

காற்றில்லா டயரின் பெரிய நன்மை பக்கச்சுவர் இல்லாமை. பாறைகளுக்கிடையே ஓட்டும்போது காற்று டயரின் மிக மெல்லிய பகுதியான பக்கச்சுவர்தான் அதிகம் கிழிகிறது. அந்தக் கிழிசலை வழியில் நம்பகமாக ஒட்டுவதும் கடினம். கவனக்குறைவால் காற்று குறைந்த டயரில் ஓடி அதைக் கெடுத்துக்கொள்ளும் ஆபத்தும் காற்றில்லா டயரில் இல்லை.

குறைகள் நான்கு. முதலாவது, அதன் விறைப்பு தொழிற்சாலையிலேயே முடிவாகிவிடுகிறது. பாறைக்கும் மணலுக்கும் சாலைக்கும், காலி வண்டிக்கும் சுமை ஏற்றிய வண்டிக்கும் ஒரே விறைப்புதான். இரண்டாவது, திறந்த ஆரக்கால்களுக்கிடையே சேறும் கல்லும் புகுந்து அடைத்துக்கொள்ளும். சேறு காய்ந்து இறுகினால் சக்கரத்தின் சமநிலை கெடும், வளையும் தன்மையும் குறையும். மூன்றாவது, வேகத்தில் ஏறும் வெப்பமும் அதிர்வும். நான்காவது, பழுது. காற்று டயரில் ஆணி ஏறினால் ஒட்டும் பொருளும் கைப்பம்பும் இருந்தால் போதும். ஆரக்கால்கள் அறுந்த காற்றில்லாச் சக்கரத்தை வழியில் சரிசெய்ய முடியாது. பெரும்பாலும் முழுச் சக்கரத்தையே மாற்ற வேண்டும். ஊருக்கு ஒரு பஞ்சர் கடை இருக்கும் நாடுகளில் இந்த வேறுபாடு சிறியதல்ல.

மதிப்பீடு

காற்றில்லா டயர் நிலைத்த இடங்களான ஃபோர்க்லிஃப்ட், நிலவூர்தி, மண்வாரி வண்டி ஆகிய மூன்றுக்கும் பொதுவானவை உண்டு. வேகம் குறைவு, ஓடும் தரை எத்தகையது என்பது முன்பே தெரியும், நின்றுபோனால் இழப்பு அதிகம். பொதுவான காட்டு வண்டிக்கு இவை பொருந்துவதில்லை. அது காலையில் நெடுஞ்சாலையிலும் நண்பகலில் பாறையிலும் மாலையில் மணலிலும் ஓட வேண்டியது. 2019இல் மிச்செலினும் ஜெனரல் மோட்டார்சும் கார்களுக்காக அறிவித்த 'அப்டிஸ்' டயரும் சாலையை நோக்கியே வடிவமைக்கப்பட்டது.

எனவே பஞ்சர் ஆகாமை மட்டுமே ஒரு டயரை நடைமுறைக்கு உகந்ததாக்கிவிடாது. ஓட்டத்தின்போதே விறைப்பை மாற்றிக்கொள்ளும் காற்றில்லா டயர் எளிய விலையில் கிடைக்கும் வரை, பல்வகை நிலத்தில் ஓடும் வண்டிக்குக் காற்று டயரும் ஒரு பம்பும் அழுத்தமானியும் ஏற்ற துணையாகத் தொடரும். மெதுவாக ஓடி, முள்ளிலும் இரும்புத் துண்டுகளிலும் நாள் முழுவதும் உழைக்கும் வண்டிக்கோ, காற்றில்லா டயர் இன்றே தகுதியான தெரிவாக உள்ளது.