யாருடைய ரத்தம்

2024 ஜூனில் டயாலிசிஸ் டிப்ளமோ முடித்துவிட்டு கச்சிராயபாளையத்தில் சும்மா இருந்தேன். ஒரு இடத்தில் வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். போவதா வேண்டாமா என்று யோசனை. அப்போதுதான் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். அரசு 10 லட்சம் அறிவித்ததும் பேச்சு மாறிவிட்டது. "குடிச்சுச் செத்தவனுக்கு எதுக்குங்க பத்து லட்சம்?" டீக்கடையில மட்டுமில்ல, எங்க வீட்டிலயும்.

மெத்தனாலைக் கல்லீரல் ஃபார்மிக் அமிலமாக மாற்றுகிறது. கண் நரம்பைக் கெடுப்பது அதுதான். நேரத்தோடு வந்தால் டயாலிசிஸ் இரண்டையுமே ரத்தத்திலிருந்து எடுத்துவிடும். பாடத்தில் இது ஒரு பத்தி. மனப்பாடம் செய்து பாஸ் பண்ணியிருந்தேன்.

அதற்கப்புறம்தான் இந்த மெஷினின் கதையைத் தேடிப் படித்தேன். 1943, ஜெர்மன் பிடியிலிருந்த நெதர்லாந்தில் காம்பன் என்ற ஊர். வில்லம் கோல்ஃப் என்ற டாக்டர், சாசேஜுக்குத் தோலாகப் பயன்படும் செலோபேன் குழாயை உருளையில் சுற்றி, உப்புக்கரைசல் தொட்டியில் சுழலவிட்டார். குழாய்க்குள் நோயாளியின் ரத்தம். முதல் இரண்டு வருஷம் ஏறக்குறைய எல்லோரும் இறந்தார்கள். 1945-ல் பிழைத்தவர் சோஃபியா ஷாஃப்ஸ்டாட், வயது 67. நாஜிகளோடு சேர்ந்தவர் என்று அடைத்துவைக்கப்பட்டிருந்த பெண். போர் முடிந்து சில மாதம்தான், ஊர் அவரை எப்படிப் பார்த்திருக்கும்! கோல்ஃப் மெஷினில் போட்டார்.

1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் சியாட்டிலில் மெஷின்கள் குறைவு. யாருக்குக் கொடுப்பது என்று முடிவெடுக்க 7 பேர் குழு: வக்கீல், பாதிரியார், வங்கிக்காரர், இல்லத்தரசி என்று. வருமானம் என்ன, பிள்ளைகள் எத்தனை, சர்ச்சுக்குப் போவாரா என்றெல்லாம் பார்த்தார்கள். எங்க டீக்கடையேதான், கோட்டு போட்டிருந்தது, அவ்வளவுதான்.

வேலைக்குப் போனேன். முதலில் கற்றது ரத்தம் இல்லை, தண்ணீர். நிமிஷத்துக்கு 500 மில்லி, நாலு மணி நேரத்துக்கு 120 லிட்டர், ஒரே ஆளுக்கு. கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கமிருந்து பஸ் பிடித்து வருகிற அண்ணனிடம் இதைச் சொன்னேன். "எங்க வீட்டுக்கு நாலு நாளைக்கு வரும் தம்பி" என்றார்.

ஒருநாள் அவர் மேல் சாராய வாடை. எனக்குக் கோபம் வந்தது. சீனியர் அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"பிரஷர் பாரு, எடை பாரு, டாக்டர்கிட்ட சொல்லு. மத்தது அப்புறம்."

எடை 3 கிலோ கூடியிருந்தது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு மெஷினில் போடச் சொன்னார். அவர் கையை நீட்டினார். ஃபிஸ்டுலாவில் விரல் வைத்துப் பார்த்தேன், அதிர்ந்துகொண்டிருந்தது. ஊசியை எடுத்தேன்.