இரவல் சேலையும் இடுப்புக் கந்தையும் – லினக்ஸ் கற்ற பாடம்



போன வாரம் பேத்தி கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்தாள். மடிக்கணினியில் கறுப்புத் திரையைத் திறந்து "கிட்", "கிட்" என்று ஏதோ தட்டிக்கொண்டே இருந்தாள். "இது என்னம்மா?" என்றேன். "நாங்க எழுதுற புரோகிராமை எல்லாம் இதுலதான் தாத்தா சேர்த்து வைப்போம்" என்றாள். "யார் செய்தது? எப்போது? ஏன்?" என்று கேட்டேன். விழித்தாள். வரலாற்று வாத்தியார் சும்மா விடுவேனா? அவளையும் மருமகனையும் உட்கார வைத்துத் தேடித் தேடிப் படித்தேன். நல்ல கதை. உங்களுக்கும் சொல்கிறேன்.

1991 ஆகஸ்ட் மாதம். ஃபின்லாந்து நாட்டின் ஹெல்சின்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த 21 வயது லினஸ் டோர்வால்ட்ஸ், தான் ஒரு இயங்குதளம் எழுதிவருவதாக இணையத்தில் அறிவித்தார். அதுதான் லினக்ஸ். முதலில் அவர் போட்ட நிபந்தனை, இதை யாரும் காசுக்கு விற்கக் கூடாது என்பது. 1992-ல் அதை மாற்றி, ரிச்சர்ட் ஸ்டால்மன் உருவாக்கிய ஜி.பி.எல். உரிமத்துக்கு வந்தார். அதன் சாரம் இதுதான்: விற்கலாம், ஆனால் மூல நிரலை மறைக்கக் கூடாது, வாங்கியவர் அதைத் திருத்தவும் பிறருக்குக் கொடுக்கவும் தடை போடக் கூடாது.

இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். "லினக்ஸ் என்றால் எல்லாம் ஓசி" என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ரெட் ஹாட் நிறுவனம் லினக்ஸை வைத்தே பெரிய வியாபாரம் செய்தது. ஆரக்கிள் நிறுவனம் 1998-ல் தன் தரவுத்தள மென்பொருளை லினக்ஸுக்கும் தருவதாக அறிவித்தது. அதன் மூல நிரல் மூடியதுதான், விலையும் உண்டு. திறந்த வீட்டில் பூட்டிய பெட்டி இருக்கலாம், தவறில்லை. ஆனால் வீட்டுப் பத்திரத்தையே அந்தப் பெட்டியில் வைத்துவிட்டுச் சாவியை அடுத்தவரிடம் கொடுத்தால்? அதுதான் 2002-ல் நடந்தது.

லினக்ஸ் வளர வளர, உலகெங்கும் இருந்து திருத்தங்கள் மின்னஞ்சலில் வந்து குவிந்தன. லினஸ் ஒருவர்தான் பார்த்துச் சேர்க்க வேண்டும். பல திருத்தங்கள் காணாமல் போயின, அனுப்பியவர்கள் கோபப்பட்டார்கள். அப்போது லாரி மெக்வாய் என்பவரின் பிட்மூவர் நிறுவனம் பிட்கீப்பர் என்ற கருவியை வைத்திருந்தது. யார், எந்த வரியை, எப்போது மாற்றினார் என்று கணக்கு வைக்கும் கருவி. காசு கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருள்தான், ஆனால் லினக்ஸ்காரர்களுக்கு இலவசமாகத் தர முன்வந்தார். நிபந்தனைகள் உண்டு, முக்கியமானது, இலவசமாகப் பயன்படுத்துகிறவர் இதற்குப் போட்டியான கருவி எதையும் உருவாக்கக் கூடாது என்பது. லினஸ் ஒத்துக்கொண்டார். வேலை மளமளவென்று நடந்தது. ஸ்டால்மன் உள்ளிட்ட பலர் எச்சரித்தார்கள். லினஸ் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நல்ல கருவி கையில் இருக்கும்போது கொள்கை பேசுகிறவர் சொல் எடுபடுமா?

ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல், சாம்பா என்ற புகழ்பெற்ற மென்பொருளைத் தந்தவர். லினக்ஸின் மாற்ற வரலாற்றை பிட்கீப்பர் இல்லாமலே எடுக்க ஒரு சிறு நிரல் எழுதத் தொடங்கினார். நான் பிட்கீப்பரைப் பயன்படுத்தவே இல்லை, ஆகவே அதன் நிபந்தனை என்னைக் கட்டாது என்பது அவர் வாதம். மெக்வாய்க்கு இது தன் தொழிலில் கை வைப்பதாகப் பட்டது. 2005 ஏப்ரலில் இலவசப் பதிப்பை நிறுத்துவதாக அறிவித்துவிட்டார். வேடிக்கை என்னவென்றால், லினஸ் கோபப்பட்டது மெக்வாய் மேல் அல்ல, ட்ரிட்ஜெல் மேல். அதே மாதம் கான்பெராவில் நடந்த லினக்ஸ் மாநாட்டில் ட்ரிட்ஜெல் தான் செய்ததை மேடையிலேயே காட்டினார். பிட்கீப்பர் சர்வரோடு இணைந்து "ஹெல்ப்" என்று தட்டினார். அது தன் கட்டளைகளை எல்லாம் தானே பட்டியல் போட்டது!

இப்போது லினஸ் கையில் கருவி இல்லை. ஏப்ரல் 3-ஆம் தேதி தானே ஒன்றை எழுத உட்கார்ந்தார். ஏப்ரல் 7-ஆம் தேதிக்குள் அந்தக் கருவி தன் சொந்த நிரலையே சேர்த்து வைக்கும் அளவுக்கு வந்துவிட்டது. அதுதான் கிட். ஜூன் மாதம் வெளிவந்த லினக்ஸ் 2.6.12 அதை வைத்தே பராமரிக்கப்பட்டது. ஜூலையில் பொறுப்பை ஜூனியோ ஹமானோ என்பவரிடம் கொடுத்துவிட்டு லினஸ் தன் பழைய வேலைக்குத் திரும்பினார்.

பட்டா, சிட்டா தாலுகா ஆபீஸில் மட்டும் இருந்தால் அங்கே தீப்பிடித்தால் போச்சு. ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் முழு நகல் இருந்தால்? கிட் அப்படித்தான். நிரலை எடுத்து வருகிற ஒவ்வொருவரிடமும் முழு வரலாறும் வந்துவிடுகிறது. யாரும் திரும்பப் பிடுங்க முடியாது. 2016-ல் பிட்கீப்பரும் திறந்த மூல மென்பொருளாக வெளியிடப்பட்டது. அதற்குள் உலகம் கிட்டுக்கு மாறியிருந்தது.

மெக்வாயை நான் வில்லன் என்று சொல்ல மாட்டேன். அவருக்கும் சம்பளம் கொடுக்க வேண்டிய ஆட்கள் இருந்தார்கள். மூன்று ஆண்டுகள் ஓசியில் உதவியவர். கிட்டுக்கான பாடமும் பிட்கீப்பரில்தான் கிடைத்தது. தவறு அவர் பொருளுக்கு அவர் விலை வைத்ததில் இல்லை. நம்முடைய வரலாற்றை அடுத்தவர் பூட்டுக்குள் வைத்ததில்தான் இருக்கிறது.

இது எனக்கு ஏன் உறைத்தது தெரியுமா? பத்தாம் வகுப்பு வரலாற்று வினாத்தாள்களை ஒன்பது ஆண்டுகள் இரவில் கண் விழித்து நானே தட்டச்சு செய்து வைத்திருந்தேன். காசு கொடுத்து வாங்கிய ஒரு தமிழ் மென்பொருள். அதன் எழுத்துரு அதற்கு மட்டும்தான் புரியும். கணினி பழுதாகிப் புதிது வாங்கினேன், அதில் அந்த மென்பொருள் ஏறவில்லை. நிறுவனத்தின் தொலைபேசியை யாரும் எடுக்கவில்லை. கோப்புகள் எல்லாம் இருந்தன, திறந்தால் பொருளற்ற குறிகள். பானிபட் போர் எங்கே, பாண்டியர் எங்கே என்று ஒன்றும் தெரியவில்லை. கடைசியில் உங்களில் ஒருத்தி பத்திரமாக வைத்திருந்த அச்சுத் தாள்களைக் கொண்டுவந்து கொடுத்தாள். நான்கு ஆண்டுத் தாள்கள் மீண்டன. மற்றவை போனவைதான்.

இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறியாதே என்று என் அம்மா சொல்வார். கருவியைக் காசு கொடுத்து வாங்குங்கள், தவறே இல்லை. ஆனால் வாங்குமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: நாளைக்கு இவர் கடையை மூடினால், என் எழுத்தை, என் கணக்கை, என் குடும்பப் படங்களை நான் வேறு எங்காவது திறக்க முடியுமா? முடியாது என்றால் இன்றே ஒரு நகல் எடுத்து வையுங்கள்.

வீட்டுப்பாடம் அவ்வளவுதான். என் பழைய வினாத்தாள் யார் வீட்டுப் பரணிலாவது இருந்தால் படம் எடுத்து அனுப்புங்கள், கண்ணுங்களா.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்