கண்ணுக்கெட்டாத களம் – 14: முன்கால் ஏன் எழுந்தது?

போன வாரம் ஆன்டோவை நட்டாற்றில் விட்டிருந்தோம். கடிதம் எழுதித் திட்டியவர்களே, வாருங்கள்!

ஜப்பானின் கனசாவா பல்கலைக்கழகத்தில் டோஷியோ ஆன்டோ கட்டிய அணுவிசை நுண்ணோக்கி பேய் வேகத்தில் ஓடியது. மற்றவர்களின் கருவி ஒரு படத்துக்கே நிமிடக்கணக்கில் இழுக்கும். இது 2001-லேயே நொடிக்குப் பன்னிரண்டு படம் எடுத்தது.

ஆனால் மென்மையான புரதங்கள் பிழைக்கவில்லை.

இந்தக் கருவி ஊசியால் தட்டித் தட்டித்தான் படம் எடுக்கும். ஊசி ஓங்கித் தட்டினால் மூலக்கூறு பெயர்ந்துவிடும். மெல்லத் தட்டினாலோ வேறு வம்பு. மேட்டைத் தாண்டியதும் ஊசி தரையைத் தொடாமல் அந்தரத்தில் மிதக்கும். அதற்கு ‘பாராசூட்’ என்றே பெயர் வைத்திருந்தார்கள். அந்த நேரத்தில் பதிவாவது பொய்ப்படம்.

ஆன்டோவும் அவருடன் பணியாற்றிய கொதேராவும் 2006-ல் வழி சொன்னார்கள். ஊசி மிதக்கிறது என்று தெரிந்த கணமே கட்டுப்பாட்டுச் சுற்று உஷாராகும்; மாதிரி இருக்கும் மேடையை விறுவிறுவென்று மேலே ஏற்றும். தொட்டதும் அடங்கிவிடும். இனி மெல்லவே தட்டலாம், வேகமும் குறையாது.

இவ்வளவு பிடிவாதம் எதற்கு? மையோசின்-5-க்காக. செல்லுக்குள் ஆக்டின் இழைமீது சரக்கு சுமந்து நடக்கும் இருகால் புரதம் அது. நடக்கிறது என்று மற்றவர்கள் ஏற்கெனவே நிரூபித்தாயிற்று: ஒளிரும் சாயம் ஏற்றி, புள்ளி நகர்வதை அளந்தார்கள். சரி, காலை யார் பார்த்தார்கள்? ஆன்டோவை உறுத்தியது அதுதான் என்று நினைக்கிறேன்.

இப்போது அவர் அந்தக் காலைப் பார்த்த நேரத்துக்கு வருவோம். மைக்காத் தகட்டில் கொழுப்புப் படலம். அதன்மேல் அசையாமல் பிணைத்த ஆக்டின் இழை. மையோசினை இறக்கியாயிற்று. எரிபொருளான ஏடிபியைக் கஞ்சத்தனமாகத்தான் விட வேண்டும். அப்போதுதான் அடி நிதானமாக விழும்.

திரையில் நொடிக்கு ஏறக்குறைய ஏழு படம்.

பின்கால் பிடியை விட்டது.

ஊன்றிய முன்காலின் தண்டு, அதாவது ‘கழுத்து’, சட்டென்று முன்னே சாய்ந்தது. விட்ட கால் வீசிக்கொண்டு போய் இழையில் பதிந்தது. மொத்த உருவமும் 36 நானோமீட்டர் முன்னேறியிருந்தது. கழுத்துதான் நெம்புகோல் என்று ஏடுகளில் வாதாடிவந்த விஷயம், இதோ கண்ணெதிரே!

சுபம் போட்டுவிடலாமா?

அவசரப்படாதீர்கள். அதே படங்களில் இன்னொன்றும் இருந்தது. பின்கால் ஊன்றியபடியே நிற்கிறது. முன்கால் மட்டும் எழும்புகிறது, அதே இடத்தில் மறுபடி மிதிக்கிறது. ஓரடிகூட நகரவில்லை.

புரதத்தின் சொந்தச் சேட்டையா? அல்லது, ஊசிதான் தட்டிக் கிளப்பிவிடுகிறதா?

ஊசியின் வேலை என்றால், முதலில் பார்த்த நடையையும் எப்படி நம்புவது?

(அடுத்த வாரம்)